புள்ளி ஆறு

பட்ஜெட் தாளில் லோர்னா ஹாபலா
முழு ஆள் இல்லை.
நாற்பத்தேழாம் வரியில் இருந்தாள்:
நூலகர், புள்ளி ஆறு.
நான் அதே பள்ளியில் கொதிகலன் பார்ப்பவன், பூட்டு மாற்றுபவன்,
பிள்ளைகள் வாந்தி எடுத்த இடத்தில் மரத்தூள் போடுகிறவன்.
நான் ஒன்று. முழுசாக ஒன்று.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவளில் எந்தப் பகுதிக்குச் சம்பளம் என்று
வாசலில் பனி வாரும்போது யோசித்திருக்கிறேன்.
பாதத்திலிருந்து அளந்துகொண்டு போனால்
விலா தொடங்கும் இடத்தில் காசு தீர்ந்துவிடும்.
கைகள் கணக்கில் வரவில்லை போல.
வெள்ளிக்கிழமை, கடைசிப் பேருந்தும் போன பிறகு
அந்தக் கைகள்தான்
முதுகு கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தன.

ஒருமுறை ஏணிமேல் நின்று குழல்விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.
கீழே பா ஞியா வாங், மூன்றாம் வகுப்பு, கேட்டாள்:
குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற கரடி
எப்போது ஒன்றுக்குப் போகும்?
ஹாபலா பதில் சொல்லவில்லை.
சிரிக்கவும் இல்லை.
எழுந்து நடந்தாள், இரண்டு புத்தகத்தோடு வந்தாள்.
இது ஒன்று சொல்லும், அது வேறு சொல்லும்,
யாரை நம்புவதென்று நீ வந்து எனக்குச் சொல்.
விளக்கு எரிந்து வெகுநேரமாகியும்
நான் ஏணியிலேயே நின்றேன்.
எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மார்ச்சில், சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம்.
பேச விரும்புகிறவருக்கு மூன்று நிமிடம்,
தீர்ந்தால் சிவப்பு விளக்கு.
மேசை நாற்காலி போட்டது நான். மைக் கட்டியது நான்.
கண்காணிப்பாளர் நல்ல மனுஷர்தான்,
இரவெல்லாம் கூட்டிக் கழித்த கண்கள்.
"அறையை மூடப்போவதில்லை" என்றார்.
"புத்தகங்கள் எங்கும் போகப்போவதில்லை."

நாற்பத்தாறாம் வரி என்னுடையது:
கொதிகலனுக்குப் புதிய பம்ப்.
நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன், இரண்டு முறை.
அது பிழைத்தது.
மைக் வரிசையில் நான் நிற்கவில்லை.

அவர் சொன்னது அப்படியே பலித்தது.
புத்தகங்கள் எங்கும் போகவில்லை.
செப்டம்பரில் போகவில்லை, அக்டோபரில் போகவில்லை.
ஒரு பிள்ளையின் பைக்குள் போகவில்லை,
பேருந்தின் பின்சீட்டுக்குப் போகவில்லை,
போர்வைக்கடியில் டார்ச் விளக்குக்குப் போகவில்லை.
தேர்வுக் கணினிகளை அங்கே அடுக்கினோம்.
புதிய பம்ப் அருமையாக ஓடியது.
அந்த அறை இருந்ததிலேயே கதகதப்பாக இருந்தது அந்த வருஷம்தான்.

ஆனால் கதவில் திரும்பப் போடும் துவாரம் ஒன்று உண்டு.
போன வருஷப் புத்தகங்கள்
கட்டிலுக்கடியிலிருந்தும் காருக்குள்ளிருந்தும் அகப்பட்டு
ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.
நான் தரை துடைக்கும் நேரம் பார்த்து, தொப்.
யாரும் எடுக்காத பெட்டி நிறைந்தது.
துவாரத்தை அடைக்கச் சொல்லிச் சீட்டு வந்தது.
அடைத்தேன். ஒரு தகடு, நாலு திருகாணி.

மறுவாரம், சுப்பீரியர் ஏரிக் காற்று
பின்வாசலில் ஊளையிட்ட காலையில்
கதவோடு சாய்ந்து நின்றது ஒரு புத்தகம்.
ஈரம் படாமலிருக்க அடியில்
ஒற்றைக் கம்பளிக் கையுறை.
உள்ளே பென்சிலில்:
இதில் பாம்பு இல்லை. பாம்பு இருப்பது எது?

இந்தக் கட்டடத்தில் எல்லா அறைக்கும்
என்னிடம் சாவி உண்டு.
திறந்தேன். விளக்கைப் போட்டேன்.
ஒன்பதாயிரம் முதுகுகள் என்னைப் பார்க்காமல் நின்றன.
அரைமணி நேரம் தேடிக் கிடைத்தது மீன்.

கொதிகலன் அறையிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன்.
இப்போது அவள் மருந்துக்கடைக் கல்லாவில்,
முழு ஆளாக.
ஹலோ சொன்ன அதே மூச்சில் சொன்னாள்:
ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது ஆறு,
ஜன்னல் பக்கம், கீழ்த்தட்டு.
பிறகு, பின்னால் யாரோ சில்லறைக்குக் காத்திருக்க,
கேட்டாள்:
யாருக்கு? எத்தனாம் வகுப்பு?
பாம்பென்றால் பயப்படுகிற பிள்ளையா,
ஆசைப்படுகிற பிள்ளையா?

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பெயர் இல்லை.
கையுறை சின்னது, இடது கைக்கானது.
அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.