எடைப்பாலத்தில் மூன்று செயலிகள்

முதல் செயலிக்குச் சாம்பார் தெரியாது.
ஏதோ சூப் என்று நினைத்துப் பச்சை காட்டியது.
அன்றிரவு முழுக்க வயிற்றில் இடி.

இரண்டாவது, மாதம் முப்பது ரிங்கிட்.
சின்ன வெங்காயம் சிவப்பு, பூண்டு சிவப்பு,
தவமலர் அக்கா கேன்டீனே சிவப்பு.

மூன்றாவது கேட்கிறது:
வெந்த பருப்பு எத்தனை கிராம்?

பகாவ் ஆலை வாசலில்
செம்பனைக் குலை லோரிகளை நிறுப்பவள் நான்.
என் தராசில்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் எடையே இல்லை.

எத்தனை நட்சத்திரம் தருவாய் என்கிறது.
இரு, லோரி ஹாரன் அடிக்கிறான்.

ரசீதின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன்:
செவ்வாய். பூண்டில்லாத ரசம், பெருங்காயம் கொஞ்சம்.
வயிறு வாய் திறக்கவில்லை.

அக்காதான் திறந்தாள்:
“பூண்டு போடாம
இது ரசமா, சுடுதண்ணியா?”