காலாவதி

சயன் ஆஸ்பத்திரிக்கு எதிரே
வரிசையாக ஏழு மருந்துக்கடைகள்.
ஐந்தாவதில் நான்.
செவ்வாய்க்கிழமை வந்தால் தேதி பார்க்கும் வேலை.
பட்டையைத் திருப்பி, குழல்விளக்கில் சாய்த்து,
வெள்ளிக் காகிதத்தில் அமுங்கிக் கிடக்கும்
மாதத்தையும் வருடத்தையும் படிக்க வேண்டும்.
மூன்று மாதத்துக்குள் சாகப்போவதெல்லாம்
மஞ்சள் டப்பாவுக்கு.

நிஃப்டிக்கும் செவ்வாய்தான் காலாவதி.
முன்பு வியாழன்.
சாய்பாபாவின் நாளில் தோற்றுக்கொண்டிருந்தவன்
இப்போது சித்தி விநாயகர் நாளில் தோற்கிறேன்.
ஞாயிறு சந்தைக்கு விடுமுறை,
கர்த்தர் தப்பித்தார்.

செயலியைத் திறந்தால் முதலில் எச்சரிக்கை:
பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நட்டம்.
படித்துவிட்டேன் என்று அமுக்கினால்தான் உள்ளே விடும்.
டாக்டர் சீட்டில்லாமல் விற்காதே என்று
பட்டையோரம் ஒரு சிவப்புக்கோடு ஓடுமே,
அதே ஜாதி.
பதினோரு வருடமாக அந்தக் கோட்டின்மேல்
கத்தரி வைக்கிறேன்.
எனக்கா தெரியாது.

இங்கே எதையும் வெட்டித் தருவோம்.
வைஜயந்தி காக்கூ பத்து மாத்திரைப் பட்டையில்
நான்குதான் வாங்குவாள்.
மீதி ரத்தக்கொதிப்பு
சம்பளத் தேதிவரை பொறுத்துக்கொள்ளும்.
அங்கே வெட்டித் தரமாட்டார்கள்.
ஒரு லாட் இருபத்தைந்தாக இருந்தது.
சின்ன ஆட்கள் கெட்டுப்போகிறார்கள் என்று
மேலே யாரோ கவலைப்பட்டு
எழுபத்தைந்து ஆக்கினார்கள்.
முந்நூறு ரூபாயில் கெட்டுக்கொண்டிருந்தவன்
தொள்ளாயிரத்தில் கெட ஆரம்பித்தேன்.

செப்டம்பரில் மருந்துக்கு வரி இறங்கியது,
பன்னிரண்டு ஐந்தாயிற்று.
முப்பத்திரண்டு என்று அச்சடித்த பட்டை
முப்பதுக்கு.
காக்கூவின் நான்குக்கு, எண்பது பைசா.
டெல்லியிலிருந்து கிளம்பி
அவள் உள்ளங்கைவரை வந்து சேர்ந்த எண்பது பைசா.
"அப்படியானால் ஒன்று கூடப் போடு," என்றாள்.
போட்டேன், என் கணக்கில்.

இந்த வருடம் போனது நாற்பத்தோராயிரம்.
எஸ்தருக்குத் தெரிந்தது நான்காயிரம்.
கால் வாங்கியதில் போனது என்றபோது
ஆட்டுக்காலா என்று கேட்டாள்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

போன செவ்வாய், மதியம் இரண்டு மணி.
பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு லாட்.
கல்லாவுக்குக் கீழே போன்,
கல்லாவுக்கு மேலே சீட்டுகள்:
பேதிக்கு உப்புப்பொடி,
பிரசவ வார்டுக்குக் கையுறை,
தானே வரைக்கும் போகவேண்டிய இன்சுலின்.
ஐஸ் பையை அழுத்திக் கட்டினேன்.
"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார் அந்த ஆள்.
போனில் நான்கு ரூபாய்.
"வண்டி நேரத்துக்கு வந்தால் தாங்கும்."
ஒன்றே கால்.
அவர் சில்லறை பொறுக்குவதற்குள் நாற்பது பைசா.
மூன்றரைக்கு ஐந்து பைசா,
அதற்குமேல் பார்க்கவில்லை.

மஞ்சள் டப்பாவை எடுக்க விநியோகஸ்தரின் பையன் வருவான்.
எல்லாம் கம்பெனிக்குத் திரும்பிப் போகும்,
கழித்தது போக ஒரு தொகை வரவு வரும்.
செத்த மாத்திரைக்கும் இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு.
அதற்கென்று ஒரு பதிவேடு:
பெயர், எண்ணிக்கை, காரணம்.
அன்றைக்குக் கடைசி வரியில்
கை தானாக எழுதியது:

இருபத்தையாயிரத்து நானூறு கால்.
எழுபத்தைந்து.
காலாவதி.

இரவு ஹஸ்முக் பாய்
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.
கடைசி வரியில் விரல் நின்றது.
வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இந்தக் கம்பெனி திருப்பி எடுக்காது," என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்.
கொஞ்ச நேரம் கழித்து,
"என்னிடமும் கிடக்கிறது."

மற்ற வரிகளுக்குப் போடுவது போலவே
அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு
ஷட்டரை இழுக்கச் சொன்னார்.