ஏ-யில் மட்டும்

மற்ற கம்பிகளுக்கு ஒன்றுமில்லை.
எதையும் அழுத்தாமல் ஐந்தாம் கம்பியைத் தட்டினால் மட்டும்
பெட்டிக்குள் ஒரு வண்டு.
"ஏ-ல மட்டும்தான் மக்கா கரையுது" என்றான் ஜெஸ்டின்.
வடசேரியில் இந்த ஆம்ப்ளிஃபயரை விற்றவன்
எல்லாம் வாசித்துக் காட்டினான்,
ஏ-யை விட்டுவிட்டு.

குலசேகரத்தில் ஆனி மாத மழை.
கொல்லையில் ஷீட்டுகள் காயாமல் புளித்து நாறின.
பகலில் எனக்கு அவற்றைத் தரம் பிரிக்கும் வேலை.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்
குமிழி, பூஞ்சை, பட்டைத் துணுக்கு எல்லாம் தெரியும்.
ஓசையைத் தூக்கிப் பிடிக்க
எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லை.

பிளக்கைப் பிடுங்கி ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுப்
பின்பலகையைக் கழற்றினோம்.
பல்லி முட்டை இரண்டு, ஒன்று பொரிந்தது.
எந்த ஆணிக்கும் சொந்தமில்லாத வாஷர்.
யாரோ பென்சிலில் எழுதிய போன் நம்பர், ஆறே இலக்கம்.

ஸ்பீக்கரின் எட்டுத் திருகாணியில்
மூன்று, விரலுக்கே சுற்றின.
கார் சக்கரத்துக்குச் செய்வதுபோல எதிரெதிராக முறுக்கினேன்.
அதிகம் முறுக்கினால் சட்டம் கோணும்;
கொஞ்சம் கோணிய பிறகுதான் அது தெரிந்தது.
நாலாந்தர ஷீட்டில் விரலகல நாடா வெட்டி
பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்தேன்.
காலியாகக் கிடந்த வயிற்றில் தும்பு அடைத்தேன்.
அளவு மீறிவிட்டது.
வாய் நிறைய மரச்சீனிக் கிழங்கோடு
கித்தார் மென்று மென்று பேசியது.
பாதியை உருவினோம்.
விழுங்கிவிட்டுத் தெளிவாகப் பேசியது.

தரையில் கிடந்த பெட்டியை ஸ்டூலில் ஏற்றி
முன்பக்கம் ஓட்டுத்துண்டு கொடுத்து
முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தபோதுதான் புரிந்தது:
இரண்டு வருடமாக நாங்கள்
முழங்காலால் கேட்டுக்கொண்டிருந்தோம்.
எட்டில் நின்ற ட்ரெபிளை ஜெஸ்டின்
மன்னிப்புக் கேட்பவன்போல நாலுக்கு இறக்கினான்.
ஈ நன்றாயிருந்தது. டி நன்றாயிருந்தது.
ஜி-யில் அவனுக்கே சிரிப்பு வந்தது.
ஏ.
வண்டு.

"நீ நிறுத்தாம அடி" என்றேன்.
அவன் அடிக்க அடிக்க
ஒவ்வொன்றிலும் விரல் வைத்துக்கொண்டே போனேன்.
கைப்பிடி, பெயர்த்தகடு, வலைத்துணி.
பிறகு விரல் பெட்டியை விட்டு வெளியே வந்தது.
டியூப்லைட் பட்டி. காலண்டர் ஆணி.
பீரோ கதவில் செருகித் தொங்கும் சாவிக்கொத்தைத்
தொட்டதும்
அறை வாயை மூடிக்கொண்டது.

அடுக்களையிலிருந்து விஜிலா சொன்னாள்:
"பேச்சிப்பாறை பஸ் ஏறி வரும்போதும் அது அப்படித்தான்."
"தெரிஞ்சா சொல்லப்பிடாதா?"
"நீங்க எங்கிட்ட எங்க கேட்டிய?"

மிச்ச நாடாவைச் சாவிக்குச் சுற்றினேன்.
அன்று ராத்திரி பத்து மணிவரை
ஏ மட்டுமே வாசித்தான்.
ஒரு குமிழி இல்லை, ஒரு துணுக்கு இல்லை.
முதல் தரம் என்று நான் எழுதித் தந்திருப்பேன்.

மறுநாள் விடியலில் விஜிலா
ஒரு காலில் செருப்போடு நின்று கத்தினாள்.
அஞ்சு நாற்பது பஸ்
வளைவு ஏறியது அவளுக்குக் கேட்கவில்லை.
பீரோ முதலில் முனகினால் தலைத்துண்டை அவிழ்ப்பாளாம்,
பலமாகக் குலுங்கினால் குடை, படி, ரோடு.
ஏழு வருடம் எக்ஸ்ரே அறைக்கு
இப்படித்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளாம்.
அலாரம் இருக்கிறதே என்றேன்.
"பஸ் பிந்துனா உங்க அலாரம் பிந்துமா?"

மார்த்தாண்டம் வரை மழையில்
பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.
வழியில் ஒரு வார்த்தை இல்லை.
திரும்பி வந்து, ஈரக்கையோடு, நாடாவை அவிழ்த்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஜெஸ்டின் வந்தால்
சாவியை உருவிச் சாரத்து மடியில் செருகிக்கொள்கிறேன்.
கொஞ்ச நேரம் இடுப்பில் குளிரும்,
அப்புறம் மறந்துபோகும்.
கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே,
அவன்தான் ஞாபகப்படுத்துகிறான்:
"லேய், சாவி."