நன்னாரி ரத்தம்

எங்கள் முதல் பேய்க்கு வயது பத்தொன்பது.
பெயர் ஒச்சப்பன், உசிலம்பட்டிக்காரன்.
மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால்
மோகினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டே
ஆறு நிமிடமும் பழிவாங்கினாள்.

ஆளில்லாத தெரு ஒன்று வேண்டும்.
இரவு இரண்டு மணிக்குக்
கீழமாசி வீதியில் மிளகாய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
சிம்மக்கல்லில் புரோட்டாக் கல் ஆறவே இல்லை.
கொலுசு மாட்டிய மோகினியைப் பார்த்து
"அண்ணே, சால்னா ஊத்தவா?" என்றான் ஒரு பையன்.
இந்த ஊரில் பேய் எந்நேரம்தான் வெளியே வரும்
என்று நொந்துகொண்டு
செல்லூரில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைப் பிடித்தோம்.
மூணு வருசமா யாரும் குடிவரலை, சும்மாவே எடுத்துக்கங்க
என்றார் புரோக்கர்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
ஓசிக்கு ஏது ஏன்.

ரத்தத்துக்கு ஜிகர்தண்டாக் கடையில்
நன்னாரி சர்பத் அரை லிட்டர்.
அடுத்த டேக்குக்குள் எறும்பு வந்துவிட்டது.
மோகினி சேலையைத் தூக்கிக்கொண்டு குதிக்க
துளசிராம் கேமராவை நிறுத்தவில்லை.
அப்படித்தான் எங்கள் திகில் படம்
காமெடிப் படம் ஆனது.
அந்தப் புண்ணியம் எறும்புக்கே.

முதன்முதலாகப் போட்டது
ஒரு காதுகுத்து மண்டபத்தில்,
பந்தி முடிந்தபின், எட்டு முழ வேட்டியில்.
சனங்கள் சிரிப்பதைப் பிடிக்கத்
துளசிராம் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தான்.
எறும்புக்குச் சிரித்தார்கள்.
மீசைக்கு விசில்.
நாலாவது நிமிடம்
பேயே இல்லாத ஒரு ஷாட்:
சுவர், ஆணி, தினசரி காலண்டர்.
மூன்று வருடமாகக் கிழிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

பின்வரிசையில் ஒரு பெண் அலறினாள்.

டப்பிங்கில் பதினேழு தடவை முயன்றும்
எங்களுக்குக் கிடைக்காத அலறல்.
செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டாள்.
மொய் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து
"செல்லூர்ல குடியிருந்த பிள்ளையப்பா" என்றார்.
பிறகு அடுத்த பெயரை எழுதினார்,
நூற்றியொன்று.

அந்தக் காலண்டரை நாங்கள் மாட்டவில்லை.
அது அங்கேயே இருந்தது.

இரண்டாவது படத்தில்
மோகினி கண்ணாடியில் தன் மீசையைப் பார்க்கிற இடத்துக்கு
அந்த அலறலை வெட்டி ஒட்டினோம்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
மேலூரோ திருமங்கலமோ, எங்கே போட்டாலும்
அந்த இடத்தில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.
ஒச்சப்பன் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவான்.
நான் உட்கார்ந்திருப்பேன்.
நானும் சிரிப்பேன்,
அலறல் வருவதற்கு
ஒரு நொடி முன்னாலேயே.