விழுங்கிய எழுத்து

கன்னக்கோல் கொண்டு வரவில்லை.
ஓட்டைப் பிரித்து இறங்கவில்லை.
லூட்ஸா நகராட்சியின் கணக்குப் பிரிவில்
நாற்பத்தொரு நாள்
என் முதுகுக்குப் பின்னால் நின்று
கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

நான்தான் கதவைத் திறந்தேன்.
பனி அள்ளும் ஸிக்ஃப்ரித்ஸின் ரசீது என்றது மின்னஞ்சல்.
ஏரி உறைந்த வாரம், எதிர்பார்த்ததுதான்.
உள்ளே வெறும் வெள்ளைப் பக்கம்.
கோப்பு பழுது என்று நினைத்து
காபி போடப் போய்விட்டேன்.

அவன் கற்றுக்கொண்டான்:
யாருக்கு நான் "மதிப்பிற்குரிய" போடுவேன்,
யாருக்கு வெறும் பெயர்,
வெள்ளிக்கிழமை நாலரைக்கு மேல்
தலைவர் ஆர்வித்ஸ்
எதையும் முழுதாகப் படிப்பதில்லை என்பது,
அவசரத்தில் "உடனடியாக" என்ற சொல்லில்
நான் ஓர் எழுத்தை விழுங்குவேன் என்பது.
இருபது வருடம் கூட வேலை பார்த்தவர்கள்
கவனிக்காதது.

ஜனவரியில் நான் ஒரு கடிதம் எழுதினேன்.
அதாவது, அவன் எழுதினான்.
வெப்ப நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது,
உடனடியாகச் செலுத்தவும்.
எழுத்து விழுங்கப்பட்டிருந்தது, அதே இடத்தில்.

ஆறு பள்ளிகளின் ஒரு குளிர்காலம்
மூன்று நாடுகளின் வங்கிகள் வழியே
திங்கட்கிழமைக்குள் கரைந்தது.
போகிற போக்கில்
எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு
சாவிக்கு ஒரு விலை எழுதிவைத்திருந்தான்.

குழந்தைகளின் உதவித்தொகை நின்றது.
மிர்த்ஸாவின் கணவர் செவ்வாயன்று இறந்தார்;
பதிவேடு திறக்கும்வரை பன்னிரண்டு நாள்
சட்டப்படி உயிரோடிருந்தார்.
வங்கியில் ஒரு சென்ட் குறையவில்லை.
ஆனாலும் ஊர் முழுக்க
கையுறையைக் கழற்றிக்கொண்டு
பண இயந்திரத்தின் முன் நின்றது.
புதனன்று அந்த இயந்திரமும் காலி.
வதந்திக்குக் கடவுச்சொல் தேவையில்லை.

விசாரிக்க ரீகாவிலிருந்து வந்த இளைஞன்
கடிதத்தை என் முன் வைத்தான்.
"இது நீங்கள் எழுதியதில்லை என்று
எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"
இரண்டு முறை படித்தேன்.
என்னைவிட நன்றாக
என்னைப் போலவே இருந்தது.

இப்போது அந்தச் சொல்லை
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடிக்கிறேன்.
பக்கத்து அறையிலிருந்து ஆர்வித்ஸ்
தொலைபேசியில் அழைக்கிறார்.
"ஸ்கைத்ரீத்தே, இது நீதானா?
பிழையே இல்லையே."