இருபது மதிப்பெண்

கம்பளி கத்தரிப்பவன் நான்.
ஆட்டின் விலாவில் விரலை நுழைத்தால்
எந்த மாதம் அது பட்டினி கிடந்தது என்று
சொல்லிவிடுவேன்.
அன்றைக்கு ஒரு பென்சிலைக் கொடுத்து
மனிதரை அளக்கச் சொன்னார்கள்.

மொகோட்லோங்கில் ஜூலை.
பள்ளிக் கூரையிலிருந்து பனி
பாளம் பாளமாகச் சரிந்துகொண்டிருந்தது.
சபையின் தரப்பில் ஒரு பாதிரியார்,
பெற்றோர் தரப்பில் நான்,
நடுவில் தலைமையாசிரியை மட்சேலிசோ.
ஒரே ஒரு வேலை. நாற்பத்தொரு மனு.
எல்லோரிடமும் அதே பயிற்சிக் கல்லூரி, அதே முத்திரை.
அதனால்தான் தாளின் அடியில் அந்தக் கட்டம்:
தனிப்பட்ட பண்புகள் – இருபது.

செயாபதா வந்தான்.
டையின் முடிச்சு கூழாங்கல்போல இறுகியிருந்தது.
கேள்வி முடியுமுன்பே பதில்
வாசலில் வந்து நின்றது.
பாதிரியார் இரண்டு தரம் சிரித்தார்.
வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று
என் பென்சில் தானாகவே பதினெட்டு போட்டது.

பிறகு கௌஹெலோ.
இரண்டு மணி நேரம் குதிரையில் வந்தவள்.
போர்வையைக் கழற்றவா வேண்டாமா என்று
கதவருகே தயங்கியதிலேயே இரண்டு மதிப்பெண் போனது.
ஈரக் காலணிகளை நாற்காலிக்கு அடியில்
இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"படிப்பு முடிந்து ஆறு வருடம். என்ன செய்தீர்கள்?"
"எல்லைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் பறித்தேன்.
பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்.
பிறகு அம்மா இல்லை. மறுபடி ஆப்பிள்."
பாதிரியார் ஏதோ எழுதினார். நீளமாக இல்லை.

"குழந்தை உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால்?"
"தெரியாது என்பேன்."
மீதிக்காகக் காத்திருந்தோம்.
கூரையிலிருந்து இன்னொரு பாளம் விழுந்தது.
மீதி வரவில்லை.

ஒன்பது போட்டேன்.
அழித்துப் பதினொன்று.
மட்சேலிசோ எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.
மறுபடி ஒன்பது.
அந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது.

செயாபதா மோசமில்லை, இதைச் சொல்லியாக வேண்டும்.
நேரத்துக்கு வருகிறான். பிள்ளைகளை அடிப்பதில்லை.
என் மகள் ரெதாபிலெ
பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தடுக்காமல் சொல்கிறாள்.
ஒருநாள் மட்டும் சாப்பிடும்போது கேட்டாள்,
பனி விழும்போது ஏன் சத்தமே இல்லை?
சாரிடம் கேட்டாயா?
கேட்டேன். சொன்னார்.
என்ன சொன்னார்?
கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள்.
"நிறையச் சொன்னார்."

கௌஹெலோ இப்போது வேன் நிற்கும் இடத்தில்
கிழிந்த குடைக்குக் கீழே
செல்பேசிக்கு ரீசார்ஜ் விற்கிறாள்.
பத்து மலோட்டிக்குக் கேட்டேன்.
எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ.
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பின்னால் நான்கு பேர் அவசரப்பட்டுக்கொண்டிருக்க.

"கடைசி எண் ஒன்றா, ஏழா?
எனக்குத் தெரியவில்லை," என்றாள்
கூச்சமே இல்லாமல்.

ஏழு என்றேன்.
அவள் விரல் ஏழை அழுத்தியது.
போர்வைக்குள் என் கட்டைவிரல்
ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டிருந்தது,
கம்பளி பார்க்கும்போது செய்வதுபோல.