சனிக்கிழமைக்கான கடல்நிலை

நிரோஜன், இன்றைக்கு எழும்பாதே.
லெனொக்ஸ் ஹெட் முனை தூங்குகிறது.
முழங்கால் உயரத்துக்கு ஏதோ வந்து
கற்களை நக்கிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் தெற்கே, டாஸ்மன் கடலில்
ஒரு தாழமுக்கம்
இரண்டு நாளாகத் தண்ணீரை உழுகிறது.
விளைச்சல் வெள்ளி இரவு இங்கே வரும்:
இரண்டரை மீட்டர், பதினான்கு விநாடிக்கு ஒன்று.
பதினான்கு விநாடி என்றால்
நீ ஒரு பொய் சொல்லி
நான் அதை நம்பி முடிக்கிற நேரம்.

சனி விடிய, கச்சான் எழும்பும்.
கொறிக்கிற கச்சான் இல்லை,
அதன் கோது உன் கார் சீட்டெல்லாம் கிடக்கிறது.
இது மேற்கிலிருந்து வந்து
அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிப்பது,
பத்து மணி மட்டும்.
பிறகு அசல் ஆடிக்காற்று.
அம்மி இங்கே இல்லை, உன் பலகை பறக்கும்.

தண்ணீர் பத்தொன்பது பாகை. கரை ஏழு.
இறங்குகிற பாறை
போன மாதம் உன் குதிக்காலைத் தின்ற அதே பாறை.
கூட்டத்தின் கடைசி அலை உடைந்த பிறகு குதி,
முன்னால் அல்ல.

திமிங்கிலங்கள் வடக்கே போய்க்கொண்டிருக்கின்றன,
யாருடைய முன்னறிவிப்பும் பாராமல்.

எனக்குச் சனி பகல் வேலை.
பலினா மருத்துவமனை, தையல் போடும் அறை.
அங்கே வராதே.